உறைமோர் வாங்கிய ஊர்: உலக நகரக் கூட்டமைப்பு எப்படி இயங்குகிறது?

புதுக்கோட்டை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவையும் அதே கையோடு தரம் உயர்ந்தன. நகராட்சி அலுவலகப் பலகை மாறியது, தலைவர் மேயர் ஆனார். மாநகராட்சி என்று ஆகிவிட்டால் அடுத்து ஒரு பேச்சு வரும். உலக நகரங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்புகள் பல இருக்கின்றன, யுனெஸ்கோவின் பட்டியல்கள் இருக்கின்றன, நம் ஊரும் ஒன்றில் சேர்ந்தால் என்ன என்பார்கள். புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்ணிடம் இதைச் சொன்னால் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றாகத்தான் இருக்கும்: "சேர்ந்தா குழாயில தண்ணி வருமா?"

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: உடனே வராது. பிறகு எதற்காகச் சென்னையும் கோழிக்கோடும் நிலம்பூரும் மெனக்கெட்டுச் சேர்ந்தன? அதை விளங்கிக்கொள்ள வெளிநாடு வரைக்கும் போக வேண்டாம், அடுப்பங்கரை போதும்.

வீட்டில் தயிர் தீர்ந்துபோன அன்று என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்குவோம். பக்கத்து வீட்டுக்காரர் பால் தரமாட்டார், அடுப்பு தரமாட்டார், பாத்திரமும் தரமாட்டார். தருவது ஒரு கரண்டி. ஆனால் அந்த ஒரு கரண்டிக்குள் நம்மிடம் இல்லாத ஓர் உயிர் இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையை அந்த நுண்ணுயிர்கள் தின்று அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏறியதும் பாலின் புரதம் கட்டிக்கொள்கிறது. காலையில் தயிர்.

உலக நகரக் கூட்டமைப்பு தருவது அந்தக் கரண்டி உறையைத்தான். இதைத் தெரிந்துகொண்டு போகிற ஊர் பலன் அடைகிறது. குடத்தோடு பால் தருவார்கள் என்று நினைத்துப் போகிற ஊருக்கு ஒரு சான்றிதழும் ஒரு குழுப் படமும் மிஞ்சுகின்றன.

படி 1: பால் நம்முடையதா?

உறை எவ்வளவு நல்லதானாலும் தண்ணீரில் விட்டால் தயிர் ஆகாது. ஊரிடம் சொந்தச் சரக்கு இருக்க வேண்டும். ஆகவே எந்தக் கூட்டமைப்பும் விண்ணப்பத்தில் முதலில் கேட்பது, "உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது?" என்பதைத்தான்.

கோழிக்கோடு 2023 அக்டோபர் 31 அன்று யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இலக்கிய நகரமாகச் சேர்ந்தது. இந்தியாவில் அந்தத் துறையில் அதுவே முதல் ஊர். அதற்காக அவர்கள் புதிதாக எதையும் கட்டவில்லை. 500க்கும் மேற்பட்ட நூலகங்கள், 70க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள், மலையாள எழுத்தாளர்கள் பஷீரும் எஸ்.கே. பொற்றெக்காட்டும் எம்.டி. வாசுதேவன் நாயரும் உலவிய தெருக்கள் என்று இருந்ததை எண்ணி, அடுக்கி, எழுதிக் காட்டினார்கள்.

திருக்கோகர்ணத்தைச் சுற்றி ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கலாம். பாறையைக் குடைந்த கோகர்ணேசுவரர் கோயில்; அங்கே தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள். அந்த அம்மனின் உருவம் பொறித்த 'அம்மன் காசு' ஒரு காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் செல்லுபடியான நாணயம். அடுத்து, 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். சென்னைக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் பெரிய அரசு அருங்காட்சியகம் இது. பழனியப்பா நகரில் ஞானாலயா ஆய்வு நூலகம்: பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் சொந்தப் பணத்தில் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், அவற்றில் பல முதற்பதிப்புகள். தமிழில் ஆய்வு செய்கிறவர்கள் ஊர் ஊராக வந்து தங்கிப் படித்துவிட்டுப் போகும் இடம் அது.

இன்னும் பெரிய கையிருப்பு ஒன்று உண்டு, அதற்குக் கட்டடம் கிடையாது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிளில் ஏறினார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது மைதானங்களில் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்தார். அந்தக் கட்டுரை எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது. வடநாட்டுப் பிள்ளைகள் பலருக்குப் புதுக்கோட்டை என்ற பெயர் அறிமுகமானதே அந்தச் சைக்கிளால்தான்.

பால் இருக்கிறது. கறந்த பாலை அப்படியே வைத்தால் திரிந்துபோகும் என்பதும் உண்மை.

படி 2: காய்ச்சி, பக்குவச் சூட்டுக்கு ஆற்று

கொதிக்கிற பாலில் உறை விட்டால் அதிலுள்ள உயிர் செத்துவிடும். சில்லிட்ட பாலில் விட்டால் விடிந்தாலும் பாலாகவே இருக்கும். விரலை விட்டால் பொறுக்கிற சூடு வேண்டும். ஊர் விஷயத்தில் அந்தச் சூடு என்பது நிர்வாகம்: மன்றத்தின் தீர்மானம், மேயரின் கையெழுத்து, இதைத் தன் வேலையாக எடுத்துச் செய்யும் ஓர் அதிகாரி.

வெளிநாட்டு அமைப்புக்கு மாநகராட்சி நேராகக் கடிதம் போட்டுச் சேர்ந்துவிட முடியாது. யுனெஸ்கோ என்றால் யுனெஸ்கோவுடனான ஒத்துழைப்புக்கான இந்தியத் தேசிய ஆணையம் வழியாகப் போக வேண்டும். வெளிநாட்டு நகரத்தோடு ஒப்பந்தம் என்றால் மாநில அரசின் அனுமதியும் ஒன்றிய அரசின் ஒப்புதலும் வேண்டும். கோப்பு மூன்று ஊர்களில் தங்கித்தான் திரும்பும்.

இந்தப் படியில் எவ்வளவு சிக்கல் வரும் என்பதற்குச் சென்னையே பாடம். 2014 டிசம்பரில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் 'மீள்திறன் கொண்ட 100 நகரங்கள்' திட்டத்துக்குச் சென்னை தேர்வானது. வெள்ளம், வறட்சி, புயல் போன்ற அடிகளைத் தாங்கி எழும் வலிமையை நகரங்களுக்கு ஊட்டுவது அதன் நோக்கம். தேர்வான நகரம் ஒவ்வொன்றிலும் மீள்திறனுக்கென்று ஒரு தலைமை அதிகாரி. சில ஆண்டுகளுக்கு அவருடைய சம்பளத்தை அறக்கட்டளை ஏற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாகச் சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. நகரத்தின் எதிர்காலத் திட்டம் எழுதப்பட்டபோது, அதைத் தன் வட்டத்துக்கு எடுத்துப்போய் விளக்கவும் பட்ஜெட்டில் காசு கேட்டுச் சண்டை போடவும் மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. உறை வந்த வேளையில் அடுப்பு அணைந்திருந்தது.

படி 3: எந்த வீட்டு உறை?

எல்லா வீட்டுத் தயிரும் ஒரே ருசி இல்லை. கூட்டமைப்புகளும் அப்படித்தான்.

நகரங்கள் சேர்ந்து சங்கம் வைப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். 1913இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் உள்ளாட்சிகளின் முதல் பன்னாட்டுச் சங்கம் உருவானது. பார்சிலோனாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய உலக உள்ளாட்சிகள் கூட்டமைப்பு அதன் வழிவந்தது. இப்போது இருப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இரண்டு ஊர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உறவு. சென்னைக்கு அமெரிக்காவின் டென்வர் 1984 முதல் சகோதரி நகரம். நட்பு நிஜம், பலன் அவரவர் முயற்சியைப் பொறுத்தது.

இரண்டாம் வகை, சந்தா கட்டி உறுப்பினராவது. 1990இல் தொடங்கி ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் இக்லி இந்த வகை. 2,500க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் அதில் உண்டு. சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு இக்லி இந்தியாவில் நடத்திய பருவநிலைத் திட்டத்தில் முதலில் கோயம்புத்தூர் இருந்தது, பின்னர் திருச்சியும் திருநெல்வேலியும் சேர்ந்தன. நமக்குப் பக்கத்து ஊரான திருச்சியிடம் போய் "எப்படி இருந்தது?" என்று கேட்க ஒரு பஸ் டிக்கெட் போதும்.

மூன்றாம் வகை, செய்துகாட்டினால்தான் நீடிக்கலாம் என்பது. 2005இல் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் கூட்டிய 18 நகரங்களிலிருந்து வளர்ந்த சி40 அப்படிப்பட்டது. சந்தா கிடையாது, பருவநிலை இலக்குகளை நோக்கி நடந்தாக வேண்டும். சென்னை அதில் உறுப்பினர். சி40இன் வழிகாட்டுதலோடு தயாரான சென்னையின் பருவநிலைச் செயல்திட்டம் 2023இல் வெளியானது. 2050க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வு என்பது அதன் இலக்கு.

நான்காம் வகை யுனெஸ்கோவின் பட்டியல்கள். 2004இல் தொடங்கிய படைப்பாக்க நகரங்களின் வரிசையில் 2025 அக்டோபர் நிலவரப்படி 408 நகரங்கள். சென்னை 2017இல் இசை நகரமாகச் சேர்ந்தது. அதற்கு இணையாக 'கற்கும் நகரங்கள்' என்று இன்னொன்று. அதை நடத்துவது ஹாம்பர்க்கில் உள்ள யுனெஸ்கோவின் வாழ்நாள் கற்றல் நிறுவனம். 2024 பிப்ரவரியில் 64 நகரங்கள் புதிதாகச் சேர, மொத்தம் 79 நாடுகளில் 356 நகரங்கள் ஆயின. சேரக் கட்டணம் இல்லை. பத்தாயிரம் பேர் வாழும் ஊராக இருந்தால் போதும்.

புதுக்கோட்டைக்கு எது பொருந்தும்? இசை என்று ஆசை வரலாம். குடுமியான்மலையில் ஏழு பண்களின் சுரங்களைப் பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டு இருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையும் அவர் வழிவந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் இந்த ஊர்க்காரர்கள். பெண் மிருதங்கம் தொடுவதே புதுமையாக இருந்த காலத்தில் மேடையேறிய ரங்கநாயகி அம்மாள், ஊர்ப்பெயரையே முன்னால் வைத்துத் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் என்று அறியப்பட்டவர். ஆனால் இசைத் துறையில் இந்தியாவிலிருந்து வாரணாசி, சென்னை, குவாலியர் என்று மூன்று ஊர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. ஒரு சுற்றில் ஒரு நாடு அனுப்பக்கூடிய விண்ணப்பங்களுக்கும் வரம்பு உண்டு. அந்த வரிசையில் நிற்பதைவிட, அறிவொளி நடந்த மண் கற்கும் நகரமாக விண்ணப்பிப்பது சுலபம், பொருத்தம்.

இது பெரிய ஊர்களுக்கு மட்டுமான விஷயம் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு பெயர்: நிலம்பூர். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துச் சிறு நகராட்சி. 2011 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 46,000. அதே கணக்கில் புதுக்கோட்டை நகரில் 1,17,630 பேர். நிலம்பூர் 2022இல் திருச்சூர், வாரங்கல் ஆகியவற்றோடு சேர்ந்து கற்கும் நகரமாகி, இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்ற மூன்று ஊர்களில் ஒன்றானது.

படி 4: விடியும் வரை அசைக்காதே

உறை விட்ட பாத்திரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஆட்டிப் பார்த்தால் தயிர் கட்டியாக வராது. இதுதான் அரசியலுக்கும் செய்தித்தாளுக்கும் பொறுக்காத படி. சேர்ந்த மறுமாதமே "என்ன கிடைத்தது?" என்று கேட்பார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கற்கும் நகரம் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் படைப்பாக்க நகரம் என்றால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அறிக்கை தர வேண்டும். அறிக்கை எழுத எண்ணிக்கை வேண்டும். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எந்த வட்டத்தில் அதிகம்? முதியோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும் நூலகம் எது? இந்தத் தகவல்கள் நம் ஊரில் இருக்கின்றன, ஆனால் கல்வித்துறையில் கொஞ்சம், சுகாதாரத்துறையில் கொஞ்சம், மாநகராட்சியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. அறிக்கைக்காக இந்தத் துறைகள் ஒரே மேசையில் உட்கார நேர்கிறது. வெளியில் தெரியாத இந்தப் பழக்கம்தான் பல நகரங்களில் உண்மையான முதல் ஆதாயம்.

அளவுகோலும் சேர்ந்து வருகிறது. ஒரு நகரம் எவ்வளவு கரியமில வாயு வெளியிடுகிறது என்று கணக்கிட ஆளுக்கொரு முறை இருந்த நிலையை மாற்றி, சி40, இக்லி, உலக வள நிறுவனம் மூன்றும் சேர்ந்து 2014இல் ஒரு பொது முறையை வெளியிட்டன. இப்போது கோயம்புத்தூரின் எண்ணையும் கோபன்ஹேகனின் எண்ணையும் ஒரே தாளில் வைத்து ஒப்பிடலாம். பொது அளவு இல்லாத இடத்தில் யாரும் யாரிடமிருந்தும் கற்க முடியாது.

படி 5: காலையில் பாத்திரத்தில் என்ன?

பொறுத்திருந்த ஊருக்குக் கிடைப்பவை இவை.

ஒன்று, பிறர் பட்ட அனுபவம். இன்னொரு ஊர் பத்து வருடம் தடுமாறிக் கண்டுபிடித்ததை நாம் ஒரு வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாநகராட்சிப் பொறியாளருக்கு நேராகப் பேச இன்னொரு மாநகராட்சிப் பொறியாளர் கிடைப்பது எந்த ஆலோசனை நிறுவனமும் விற்காத சரக்கு. ஆலோசகர் திட்டம் வென்ற கதையைச் சொல்வார். இன்னோர் ஊர்க்காரர் எங்கே இடித்தது என்று சொல்வார்.

இரண்டு, அடுத்த கதவு. பட்டியலில் பெயர் இருப்பது பணம் அல்ல, ஆனால் பணம் உள்ள இடத்தில் உட்கார வைக்கும். சென்னையில் இது கண்ணுக்குத் தெரிந்தது. 2018இல் நெதர்லாந்து அரசு ஆசிய நகரங்களின் தண்ணீர்ச் சிக்கலுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மீள்திறன் நகரங்கள் அமைப்பு அதில் பங்காளி. தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று நகரங்கள் சென்னை, வங்கதேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமாராங். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற முயற்சி. பார்வைத்திறனோ செவித்திறனோ குறைந்த மாணவர்கள் படிக்கும் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் வளாகத்தில் அதன் முன்னோட்டம் அமைந்தது: மழைநீரைப் பிடித்து, கழிவுநீரை இயற்கை முறையில் சுத்தம் செய்து, நிலத்துக்குள் இறக்குவது. பூக்கட்டும் பெண்ணின் தண்ணீர்க் கேள்விக்குப் பதில் இருப்பது இங்கேதான். உறுப்பினர் ஆனதால் தண்ணீர் வரவில்லை. உறுப்பினர் ஆனதால் அறிமுகமானவர்கள் வந்தார்கள், அவர்களோடு ஒரு திட்டம் வந்தது, ஒரு பள்ளி வளாகத்தில் அது செயலுக்கு வந்தது. இத்தனை படி தாண்டித்தான் அது தண்ணீர்.

மூன்று, குரல். பருவநிலை மாநாடுகளில் பேசுபவை நாடுகள். வெள்ளம் நிற்பது ஊர்களில். நூறு ஊர்கள் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தால் அது காதில் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்துப்போட்டபோது அந்தச் சேதத்தின் கதை பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்படிப்பட்ட கதையை வெளியே எடுத்துச் சொல்ல ஒரு மேடை தேவை.

நான்கு, ஊர்க்காரரின் பார்வை. ஞானாலயா ஒரு மாமூல் முகவரியாகவே நமக்குப் பழகிவிட்டது. வெளியிலிருந்து ஒருவர் வந்து வியக்கும்போது உள்ளூர்க் கல்லூரி மாணவரும் ஒருமுறை போய்ப் பார்ப்பார். இதைப் பெருமை என்று ஒதுக்கிவிட வேண்டாம்; பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் தைரியம் இதிலிருந்துதான் வருகிறது.

படி 6: நாளைக்கு ஒரு கரண்டி எடுத்து வை

தயிரை முழுக்கச் சாப்பிட்டுவிடுகிற வீடு மறுநாளும் கரண்டியோடு அடுத்த வீட்டு வாசலில் நிற்கும். கொஞ்சம் எடுத்து வைக்கிற வீடு தனக்கும் உறை வைத்துக்கொள்ளும், பிறருக்கும் கொடுக்கும். கூட்டமைப்பு என்பது கொடுக்கல் வாங்கல். வாங்க மட்டும் வருகிற ஊரை யாரும் நெடுநாள் மதிக்கமாட்டார்கள்.

கொடுக்க நம்மிடம் என்ன உண்டு? ஏராளம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்த மாவட்டம் கண்மாய்களையும் குளங்களையும் நம்பியே வாழ்ந்தது. அவற்றில் நம் முன்னோர் அமைத்த குமிழித் தூம்பைப் பாருங்கள். கரையை உடைக்காமல், குளத்தின் உள்ளே இரு கல்தூண்களுக்கு நடுவே ஒரு தொட்டி. மேலே உள்ள நீரோடித் துளையைத் திறந்தால் தெளிந்த நீர் வயலுக்குப் போகும். அடியில் உள்ள சேறோடித் துளை வழியே வண்டல் கலந்த நீர் வெளியேறும். தூர்வாரும் செலவைக் குறைக்கும் இந்தக் கல் பொறியமைப்பு, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டுகளோடு மாவட்டத்தில் பல குளங்களில் இன்றும் நிற்கிறது. நீரில் மிதந்து வாழத் தெரிந்த நெதர்லாந்துக்காரர்கள் சென்னைக்கு வந்து ஏரியையும் கோயில் குளத்தையும் பற்றிப் படித்தார்கள். குமிழித் தூம்பைப் பார்க்க அவர்களைப் புதுக்கோட்டைக்கு அழைக்க நமக்கு என்ன தயக்கம்?

கடல்கடந்த கூட்டமைப்பு இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. இதே மாவட்டத்துக் கொடும்பாளூர், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவுக்குப் பேர்போன இடம். ஒன்பதாம் நூற்றாண்டில் தாய்லாந்தின் தகுவாபாவில் 'அவனிநாரணம்' என்று ஒரு குளம் வெட்டி, அதன் காவலை மணிக்கிராமத்தார் முதலானோரிடம் ஒப்படைத்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. போன இடத்தில் வியாபாரம் மட்டும் பார்க்காமல் குளக்காவலும் ஏற்றார்கள்.

திரிந்துபோவது எப்படி?

பக்குவம் தவறும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும்.

உறை கொடுத்த வீடே ஊரைக் காலி செய்துவிடலாம். ராக்பெல்லர் அறக்கட்டளை 2019 ஏப்ரலில் அந்த 100 நகரங்கள் திட்டத்தை மூடுவதாக அறிவித்தது. ஜூலையோடு அது முடிந்தது. சென்னையின் மீள்திறன் திட்ட அறிக்கை வெளியானதும் அதே 2019இல்தான், நகரின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு ஊர் வரிசையில் நின்ற வருடத்தில். அந்த அமைப்பு பிறகு வேறு உருவில் தொடர்கிறது என்றாலும், வெளியார் சம்பளத்தை நம்பி ஓர் இருக்கையை உருவாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். அதிகாரி மாநகராட்சியின் ஆளாக, மாநகராட்சியின் சம்பளத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த ஆபத்து, ஏட்டுக்குப் போட்டியிட்டுத் தயிரை மறப்பது. மேயரும் ஆணையரும் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போவார்கள், படம் வரும், அறிக்கை வராது. இதைத் தடுக்க எளிய வழி: போய்வந்தவர் பதினைந்து நாளுக்குள் மன்றக் கூட்டத்தில், தமிழில், "இதைக் கற்றேன், இந்த வட்டத்தில் இதைச் செய்யப்போகிறோம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வைப்பது.

மூன்றாவது, அடுத்த வீட்டு ருசியே நம் ருசி என்று நினைத்துவிடுவது. நிதி தருபவர் சூரியசக்தி என்றால் நமக்கும் அதுவே முதல் தேவை என்று ஆகிவிடும். புதுக்குளமும் பல்லவன் குளமும் முதலில் சுத்தமாக வேண்டும் என்று ஊர் நினைத்தால், அதைச் சொல்லி அதற்கேற்ற கூட்டாளியைத் தேட வேண்டும்.

சென்னை இசை நகரம் ஆன கதையும் இந்தப் பட்டியலில் வரும். மியூசிக் அகாதெமி 1928 முதல் இருக்கிறது. மார்கழிக் கச்சேரிகளுக்கு யுனெஸ்கோ சான்று தேவைப்படவில்லை. பட்டம் எதற்குப் பயன்பட்டிருக்க வேண்டும்? சபாவுக்கு வெளியே இருக்கும் கானாவுக்கும் பறைக்கும் அரசுப் பள்ளி இசை வகுப்புக்கும். அந்த அளவுகோலை வைத்துத்தான் எந்தப் பட்டத்தையும் எடைபோட வேண்டும்.

புதுக்கோட்டை இப்போது செய்யக்கூடியது

ஒரே ஒரு கூட்டமைப்பு போதும். ஐந்தில் சேர்ந்து ஐந்து அறிக்கை எழுத மாநகராட்சியில் ஆள் இல்லை. அந்த ஒன்று, கட்டணமில்லாத, சிறிய ஊர்களையும் மதிக்கிற கற்கும் நகரங்களின் வரிசையாக இருக்கட்டும்.

விண்ணப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. மன்றத்தில் ஒரு தீர்மானம். முழுநேரப் பொறுப்பாக ஓர் அதிகாரி, குறைந்தது மூன்று ஆண்டு மாறுதல் இல்லாமல். அருங்காட்சியகம், ஞானாலயா, அரசுக் கல்லூரிகள், அறிவியல் இயக்கம், அறிவொளியில் அன்று தொண்டராக இருந்து இன்று தலை நரைத்தவர்கள் ஆகியோர் அடங்கிய குழு. அன்று சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்களின் நினைவுகளை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே பதிவு செய்யும் வேலை. திருச்சூருக்கும் நிலம்பூருக்கும் ஒரு குழு போய்வருவது, ரயில் செலவுதான். இந்த ஐந்துக்கும் எந்த வெளிநாட்டு அனுமதியும் வேண்டாம்.

இவற்றைச் செய்து முடித்த பிறகு யுனெஸ்கோ இடம் தராமல் போனால்கூட நட்டம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் கணக்கு கையில் இருக்கும், துறைகள் ஒன்றாக உட்கார்ந்து பழகியிருக்கும், அறிவொளியின் வரலாறு எழுதப்பட்டிருக்கும். இடம் கிடைத்தாலோ, நம் பாடத்தைப் பல நாடுகளுக்குச் சொல்லவும் அவர்கள் பாடத்தைக் கேட்கவும் வழி பிறக்கும்.

கூட்டமைப்பில் சேர்வதால் எந்த ஊரும் உயர்வதில்லை. உயர முடிவு செய்துவிட்ட ஊரை அது விரைவாக்குகிறது. இதைப் படிக்கும் திருக்கோகர்ணத்துக்காரர், புதுக்கோட்டைக்காரர் யாராக இருந்தாலும், அடுத்த முறை உங்கள் வட்டக் கவுன்சிலரைப் பார்க்கும்போது சாலை, சாக்கடையோடு இதையும் கேளுங்கள்: நிலம்பூரால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது, தீர்மானம் எப்போது வரும்?